கைகட்டி, வாய்பொத்தி

காஞ்சிபுரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



"சிட்டிங் வந்துடுச்சுங்களா?" தெரபி மையத்து வாசலில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் காத்திருக்கும் அம்மாக்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். அடுத்தது, "ஐ கான்டாக்ட் எப்படி இருக்கு?" பேச்சு பற்றிய விசாரிப்பு அதற்கும் பிறகு. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்தவரானாலும் சென்னை அண்ணா நகரில் காரில் வந்து இறங்கியவரானாலும் இந்த வரிசை அதிகம் மாறாது. பிள்ளை அசையாமல் உட்கார்கிறதா, கண்ணைப் பார்க்கிறதா என்பவை முன்னே வருகின்றன. அது என்ன சொல்ல நினைக்கிறது என்பது கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. இந்த வரிசை எங்கே உருவானது, அதைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லி ஆட்டிசம் உள்ள பெரியவர்களே ஏன் வாதாடுகிறார்கள் என்பதுதான் இவ்வுரையின் பொருள்.

பெயரில் உள்ள பிழை

2010இல் தமிழ்நாடு அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லைக் கைவிட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லை ஏற்றது. சொல் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்டவர்கள்கூட இன்று பழைய சொல்லை மேடையில் உச்சரிக்கக் கூசுகிறார்கள். ஆனால் ஆட்டிசத்துக்கு அரசுத் தாள்களில் நெடுங்காலம் புழங்கிவந்த பெயர் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்' என்பது. புற உலகம் பற்றிய சிந்தனையே இல்லாதவர் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டால், அவருக்கு என்ன செய்தாலும் தைக்காது என்ற எண்ணம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வைகாசிக் கருட சேவையன்று வரதராஜப் பெருமாள் வீதிக்கு வரும்போது, கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறும் ஒரு குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பிழை புரியும். மேளம், கூட்டத்தின் கோஷம், வியர்வையும் கற்பூரமும் கலந்த வாடை, தோளில் உரசும் முகம் தெரியாத கைகள் எல்லாம் அந்தக் குழந்தைக்குள் ஒரே நேரத்தில் புகுகின்றன. மற்றவர்களின் மூளை பாதியைத் தானாகவே வடிகட்டிவிடுகிறது. அந்தக் குழந்தையின் மூளையில் அந்த வடிகட்டி வேறு மாதிரி வேலை செய்கிறது. புற உலகம் இல்லாததல்ல, அளவுக்கு மீறி இருப்பதே அங்கே தொல்லை.

கை உதறுவதும், முன்னும் பின்னும் ஆடுவதும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் அந்த வெள்ளத்தில் பிடித்துக்கொள்ளும் கயிறு என்று ஆட்டிசம் உள்ளவர்கள் எழுதியும் தட்டச்சு செய்தும் சொல்லிவருகிறார்கள். நடத்தைப் பயிற்சி பல காலம் முதலில் அறுக்கப் பார்த்தது அந்தக் கயிற்றைத்தான்.

மேசைக்கு இந்தப் பக்கம்

சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. குழந்தையின் நாற்காலி சுவரை ஒட்டியிருக்கும். எழுந்து ஓடாதபடி மேசை நெஞ்சுக்கு நெருக்கமாக இழுத்துவிடப்பட்டிருக்கும். பயிற்சியாளர் எதிரே உட்கார்ந்து, "மூக்கைத் தொடு" என்கிறார். தொட்டால் "வெரி குட்", கூடவே ஒரு ஜெம்ஸ் மிட்டாய். தொடாவிட்டால் குழந்தையின் கையைப் பிடித்து மூக்கில் வைப்பார். பதிவுத் தாளில், தானாகச் செய்தால் கூட்டல் குறி, செய்யாவிட்டால் கழித்தல் குறி, பிடித்துச் செய்யவைத்தால் 'பி'. மறுபடியும், "மூக்கைத் தொடு." பத்துக்கு எட்டு கூட்டல் விழுந்தால் அடுத்த பாடம், "காதைத் தொடு."

'அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்', சுருக்கமாக ஏ.பி.ஏ. என்ற முறையின் பழைய, மிகப் பரவலான வடிவம் இது. ஒரு செயலுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்பதை மாற்றினால் செயலும் மாறும் என்ற உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் கொள்கையே இதன் அடித்தளம். அந்தக் கொள்கை தவறென்று சொல்லிவிட முடியாது. பரிசு கொடுத்தால் பழக்கம் வரும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். எந்தப் பழக்கம், யாருக்காக, என்ன விலைக்கு என்பதில்தான் வழக்கு தொடங்குகிறது.

கண் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளலாம். ஆட்டிசத்தை அளக்க இந்தியாவில் சான்றிதழுக்காகப் பயன்படும் 'இசா' அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. அவற்றில் முதலாவதே கண்ணோடு கண் பார்ப்பது பற்றியது. பெரியவர்கள் பேசும்போது நிமிர்ந்து முறைக்காதே என்று பிள்ளைகளை அதட்டும் ஊர் இது. அதே ஊரில், கண்ணைப் பார்த்தால் உடம்பே எரிகிறது என்று சொல்லும் குழந்தையின் முகவாயைப் பிடித்து நிமிர்த்துவது சிகிச்சையாகிவிட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸ் அறையும் அதன் நிழலும்

இந்த முறையை ஆட்டிசத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஓலே இவார் லோவாஸ். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். அவருடைய சோதனைக்கூடத்தில் நடந்ததை 1965 மே மாதம் 'லைஃப்' இதழ் படங்களோடு வெளியிட்டது. அலறல், அறை, அன்பு என்று தலைப்பிலேயே மூன்றும் இருந்தன. குழந்தையின் வெறுங்கால்களுக்கு மின் அதிர்ச்சி தரும் தரையும் அந்தச் சோதனைகளில் பயன்பட்டது. 1974இல் 'சைக்காலஜி டுடே' இதழுக்குத் தந்த பேட்டியில், இக்குழந்தைகளுக்கு உடலளவில் எல்லா உறுப்பும் உண்டு, ஆனால் உளவியல் பொருளில் அவர்கள் மனிதர்கள் அல்ல, மனிதரை நாமே கட்டியெழுப்ப வேண்டும் என்ற கருத்தை அவர் சொன்னார். 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற நம்மூர்ப் பெயருக்கு அது தூரத்து உறவு.

அவர் புகழின் உச்சம் 1987இல் வந்த ஆய்வு. நான்கு வயதுக்குட்பட்ட 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயிற்சி. அவர்களில் 9 பேர், அதாவது 47 விழுக்காட்டினர், சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள், மற்றக் குழந்தைகளிடமிருந்து பிரித்தறிய முடியாத நிலையை எட்டினார்கள் என்பது அறிவிப்பு. உலகெங்கும் பெற்றோர் கையில் இந்த 47 ஒரு தாயத்தாயிற்று. எந்தக் குழந்தைக்கு எந்தப் பயிற்சி என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை என்பதும், உரத்த அதட்டலும் தொடையில் அடியும் அந்தப் பயிற்சியின் பகுதியாகவே இருந்தன என்பதும் தாயத்தோடு சேர்ந்து பயணம் செய்யவில்லை.

அதே லோவாஸ் 1974இல் ஜார்ஜ் ரெக்கர்ஸுடன் சேர்ந்து இன்னொரு கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் 'பெண்ணைப்போல' நடந்துகொள்வதை மாற்றிய கதை அது. நீலச் சில்லு கிடைத்தால் மிட்டாய், சிவப்புச் சில்லு கிடைத்தால் அப்பாவிடம் அடி. அந்தச் சிறுவன் 38ஆம் வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். கட்டுரையை வெளியிட்ட நடத்தை ஆய்விதழ், 46 ஆண்டுகள் கழித்து, 2020இல்தான் அதன்மீது கவலை தெரிவித்துக் குறிப்பு வெளியிட்டது.

இத்தகைய மாற்றும் முயற்சிகளைத் தடுத்ததில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரின் பாலின ஈர்ப்பைச் சிகிச்சையால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. கை உதறும் குழந்தையின் கையைக் கட்டிப்போடுவதையும் அதே தராசில் ஏன் நிறுக்கக் கூடாது என்பதே ஆட்டிசம் உள்ள விமர்சகர்களின் கேள்வி. லோவாஸ் அந்தச் சிறுவனிடம் செய்ததும் ஆட்டிசப் பயிற்சியும் ஒரே கூடத்தில், ஒரே கைகளால் உருவான இரண்டு முயற்சிகள். நடத்தையை வெளியிலிருந்து மாற்றினால் உள்ளே இருப்பவரும் மாறிவிடுவார் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது.

அவர்களே சொன்னது

1993இல் ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசம் உள்ள எழுத்தாளர், எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பெற்றோரைப் பார்த்துப் பேசினார். 2004இல் கனடாவின் மிஷெல் டாசன், ஆட்டிசம் உள்ளவராகவே நின்று, நடத்தைப் பயிற்சியின் அறநெறியைக் கட்டம் கட்டமாகக் கேள்விக்குள்ளாக்கும் நீண்ட கட்டுரை எழுதினார். 2011இல் ஜூலியா பாஸ்கம், கைகளை அசையாமல் வைக்கக் கற்பிக்கும் வகுப்பறையைப் பற்றி எழுதியது பெரிய அளவில் படிக்கப்பட்டது.

கைகளை அசையாமல் வைப்பதற்குத் தமிழில் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. கைகட்டி, வாய்பொத்தி என்பது இங்கே பண்ணையார் வாசலிலிருந்து பள்ளிக்கூடம் வரை நின்ற பழைய உடல்மொழி. துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டச் சொன்ன ஊர்களில், அந்தத் துண்டை மறுபடி தோளில் ஏற்றச் சொன்னது சுயமரியாதை இயக்கம். அண்ணா பிறந்த ஊருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பணிவை உடம்பில் எழுதிவிட்டால் மனத்தில் எழுத வேண்டிய வேலை மிச்சம் என்று பண்ணையாருக்குத் தெரிந்திருந்தது.

ஆட்டிசத்தை மறைத்து, மற்றவரைப்போல நடித்துப் பழகிய பெரியவர்களிடம் தற்கொலை எண்ணம் கூடுதலாக இருப்பதோடு அந்த நடிப்புக்குத் தொடர்பு உண்டு என்று 2018இல் சாரா காசிடி குழுவின் ஆய்வு காட்டியது. ஒன்று மற்றொன்றின் காரணம் என்று அந்த ஒரு ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் 'பிரித்தறிய முடியாத நிலை'யை வெற்றியாக எண்ணும் பயிற்சிக்கு அது கவலை தர வேண்டிய செய்தி.

கணக்கு என்ன சொல்கிறது

2018இல் காக்ரன் அமைப்பு, சிறு வயதிலேயே தரப்படும் தீவிர நடத்தைப் பயிற்சி பற்றிய சான்றுகளைத் திரட்டிப் பார்த்தது. அதன் தகுதிக்குள் வந்தவை ஐந்தே ஆய்வுகள், 219 குழந்தைகள். குலுக்கல் முறையில் நடந்தது அவற்றில் ஒன்றுதான். பயன் இருக்கலாம், ஆனால் சான்று பலவீனமானது என்பது அதன் முடிவு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, படைவீரர் குடும்பங்களுக்குத் தான் காசு கொடுத்து வாங்கிய ஏ.பி.ஏ. பற்றி 2019இல் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், ஓராண்டுக்குப் பிறகு 76 விழுக்காட்டினரிடம் மாற்றம் இல்லை அல்லது மிகக் குறைவு, 9 விழுக்காட்டினர் மோசமானார்கள் என்றது. அளவீட்டு முறை சரியில்லை என்று பயிற்சியாளர் தரப்பு அதை மறுத்தது.

இன்னொரு எண் அமைதியானது, ஆனால் கனமானது. 2021இல் கிறிஸ்டன் பாட்டமா-பியூட்டல் குழு, ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளுக்கான பலவகைப் பயிற்சிகள் பற்றிய 150 ஆய்வறிக்கைகளைப் புரட்டியது. தீங்கு ஏதும் நேர்ந்ததா என்ற பேச்சே 139 அறிக்கைகளில் இல்லை. காய்ச்சல் மாத்திரை அட்டையில்கூட எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும்.

தறிக்குழியின் பாடம்

வாரம் 40 மணி நேரம் என்ற கணக்கைக் காஞ்சிபுரம் தன் அனுபவத்தோடு வைத்துப் பார்க்கலாம். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நிறம், தனித்தனி நாடா. குழித்தறியில் நெசவாளர் உட்கார்ந்திருக்க, ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் ஓரத்தில் வேண்டும். பல தலைமுறைகளாக அந்த ஓரத்தில் உட்கார்ந்தது பெரும்பாலும் ஒரு குழந்தை. முன்பணத்துக்கு ஈடாக உட்காரவைக்கப்பட்ட குழந்தைகளும் உண்டு. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அரசு, தொண்டு நிறுவனங்கள், நெசவாளர் குடும்பங்கள் எனப் பல கைகள் சேர்ந்து அந்தக் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பின.

அன்றும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. சின்ன வயதில் உட்கார்ந்தால்தான் கை படியும், பிற்பாடு வராது, எல்லாம் பிள்ளையின் நன்மைக்கே. 'எர்லி இன்டர்வென்ஷன்' விளம்பரத் தாள்களில் இதே வாக்கியம் வேறு எழுத்துருவில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வளர்ந்த தொழிலாளிக்கு வகுத்த வார உச்சவரம்பு 48 மணி. லோவாஸ் மூன்று வயதுக் குழந்தைக்கு வகுத்தது 40.

இங்கே அத்தனை மணி நேரம் பெரும்பாலோர்க்குக் கட்டுப்படியாகாது. வாரம் மூன்று நான்கு அமர்வு, மீதிக்கு வீட்டுப்பாடம். "வீட்டிலயும் இதையே ஃபாலோ பண்ணுங்க" என்று சொல்லியனுப்புகிறார்கள். அம்மா பயிற்சியாளராகிறார், அடுப்படி மையமாகிறது. சோற்று உருண்டைகூடச் சொன்னதைச் செய்தால்தான் என்றாகும்போது, குழந்தைக்கு அம்மா என்று தனியாக ஒருவர் மிஞ்சுவதில்லை.

எதிர்த்தரப்பின் நியாயம்

பெற்றோரைக் கூண்டில் ஏற்ற இவ்வுரைக்கு உரிமை இல்லை. 1950, 60களில் ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமற்ற தாய்தான் என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் அதை உடைத்தார், லோவாஸின் கூடத்தைப் பெற்றோருக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. பழி சுமந்த தாய்மார்களுக்கு, குழந்தை கற்றுக்கொள்ளும் என்று முதலில் சொன்னது நடத்தையியல்தான். நடுத்தெருவில் ஓடும் குழந்தை, சுவரில் தலையை மோதி ரத்தம் வரவைக்கும் குழந்தை, பத்து வயதாகியும் கழிவறைப் பழக்கம் வராத குழந்தை ஆகியோரின் வீட்டில் உதவி உடனே தேவை, தத்துவம் காத்திருக்கலாம். கோயெகல் தம்பதியர் வளர்த்த விளையாட்டு வழி முறை போன்றவை மேசையைவிட்டுத் தரைக்கு இறங்கிவந்து, குழந்தையின் விருப்பத்தைப் பின்தொடர்கின்றன. இன்று அடியை நியாயப்படுத்தும் பயிற்சியாளர் மிகச் சிலர். ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையம், உடலில் கட்டிய கருவியால் மின் அதிர்ச்சி தருவதை 2020இல் அரசு தடை செய்தபோதும், 2021இல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. கொள்கை கட்டுப்பாடின்றி ஓடினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது சாட்சி.

தலையை மோதும் குழந்தைக்குப் பல்வலியா, காதில் சீழா, மலச்சிக்கலா என்று முதலில் பார்ப்பது நல்ல நடத்தைப் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்ளும் விதி. அந்த விதி எத்தனை இடத்தில் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதே வித்தியாசம்.

வேறு பாதையும் தூரத்தில் இல்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்த 'பாஸ்' ஆய்வு 2016இல் 'லான்செட் சைக்கியாட்ரி'யில் வந்தது. அதில் பயிற்சி குழந்தைக்கு அல்ல, பெற்றோருக்கு. குழந்தையோடு விளையாடும் காணொளியை உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரோடு சேர்ந்து பார்த்து, பிள்ளை தானாக எதையாவது தொடங்கிய கணத்தைக் கண்டுபிடிக்கப் பெற்றோர் கற்றார்கள். பெற்றோரின் இசைவும், குழந்தை தானே தொடர்பைத் தொடங்குவதும் கூடின. தமிழிலும் யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம் சில புரிதல்கள்', லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' போன்ற புத்தகங்கள், பிள்ளையைத் திருத்துவதிலிருந்து பிள்ளையைப் புரிந்துகொள்வதற்கு வாசகரை நகர்த்தியிருக்கின்றன.

கதவும் அட்டையும்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். காப்பகம் என்ற பெயர்ப் பலகைக்குப் பின்னால் நடப்பதை யாரும் கேட்கவில்லை என்பது அன்று தெரிந்தது. இன்று கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை முறையாகச் சேர்த்தது. அதன் 6ஆம் பிரிவு கொடூரமான, இழிவான நடத்துதலிலிருந்து பாதுகாப்பு கேட்கிறது. 7ஆம் பிரிவின்படி நிர்வாக நடுவரிடம் யாரும் புகார் தரலாம். பள்ளியில் அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. தெரபி மையம் பள்ளி அல்ல என்பதால் அங்கே நடப்பதை மன்னிக்க, 2016ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு வழியில்லை.

2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்த முட்டுக்காட்டில் தேசிய பன்முக மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம் இயங்குகிறது. பயிற்சி பெற்ற ஆட்களுக்கும் மதிப்பீட்டுக்கும் இந்த வட்டாரத்துக்கு அது அருகிலுள்ள இடம். தனியார் மையத்தில் சேர்க்கும்போது பெற்றோர் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். பயிற்சியாளருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு நம்பர் இருக்கிறதா? கதவு திறந்திருக்குமா, உள்ளே உட்காரலாமா? பிள்ளை அழுதால் பயிற்சி நிற்குமா, தொடருமா? கை உதறினால் யாருக்கு என்ன கெடுதல்?

இன்னும் ஒன்று. பட அட்டை வழிப் பயிற்சியில் பெரும்பாலும் முதலில் வருவது பிடித்ததைக் கேட்கும் அட்டை, பிஸ்கட்டோ பந்தோ. 'வேண்டாம்' என்ற அட்டை வெகுநாள் கழித்து வருகிறது, சில இடங்களில் வருவதே இல்லை. தொடாதே, போதும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல், சொன்னதை மட்டும் செய்யப் பழகிய குழந்தை, நாளை தப்பான கைக்கும் பணியும். 'வேண்டாம்', 'போதும்' என்று உள்ளங்கை அகலத்தில் இரண்டு படம் அச்சடித்து லேமினேஷன் போட்டுக் கொடுக்க எந்த ஜெராக்ஸ் கடையும் போதும். அந்த இரண்டு அட்டைகளையும் பிள்ளையின் கழுத்துப் பட்டையில் கோத்து ஓர் அம்மா மையத்துக்கு அனுப்பும் நாளில், பதிவுத் தாளின் கூட்டல், கழித்தல், 'பி'க்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் போட வேண்டிவரும்.